கிடையும் கழனியும்

காவிரி பாயும் தஞ்சை நாட்டை நினைத்த அளவிலே நம் கண்முன் தோன்றுவது பச்சைப்பசேலென்ற நெற்கழனியாகும். சம்பாப் பயிர் நிற்கும் காலத்தில் அங்கே ஓர் ஆடு மேய்வதற்கும் இடம் காண்பது அரிது. அத்தகைய நாட்டில் மேய்ச்சல் நிலத்தை ஆளும் தொழில் ஒன்று உண்டு என்றால் மாணவர்கள் வியப்படையக்கூடும். ஆயினும் அத்தொழில் உண்டு. அதனை நன்கு அறிந்தவர் கீதாரி ஆவார்.

நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் எனப் பகுத்துக் காட்டியவர் தொல்காப்பியர். ஆநிரை மேய்க்கும் காட்டு நிலம் முல்லை; நெல் விளையும் வயல் நிலம் மருதம். இவ்விரண்டும் வேறு வேறு நிலங்களே. எனினும் ஆண்டுதோறும் தை, மாசித் திங்களில் அறுவடை முடிந்த பின்னர், முல்லை தானே நடந்து மருதத்துக்கு வருகின்றது எனலாம். இராமநாதபுரச் சீமையிலிருந்து ஆட்டு மந்தைகள் கூட்டம் கூட்டமாகத் தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினப் பகுதிகளுக்கு வந்து சேரும். சில குடும்பத்தார் தத்தம் ஆடுகளை ஒன்றுசேர்த்து ஓட்டி வருவர். அவர்களுக்குத் தலைமை பூண்டு வழியையும் தங்குமிடத்தையும் வகுப்பவரே கீதாரி.

வானம் பார்த்த பூமியாகிய அச்சீமையில் கோடை தொடங்கியதும் புல் கருகிவிடும். அதே வேளையில் காவிரி நாட்டு வயல்களில் நெற்றாளும், சிந்திய மணியும், வரப்புப் புல்லும் மிகுந்து கிடக்கும். ஆட்டுக்கு வேண்டியது தீனி. வயலுக்கு வேண்டியது எரு. ஒருவர் குறையை மற்றவர் நிறைவு செய்யும் இவ்வேற்பாட்டுக்கே கிடை போடுதல் என்பது பெயர்.

பகலில் மேய்ந்த ஆடுகளை, மாலையில் மூங்கிற் படலாலோ வலையாலோ வளைத்துக் கட்டிய பட்டிக்குள் அடைப்பர். பிறந்து சில நாளே ஆன குட்டிகளைக் குடாப்பு என்னும் பெரிய கூடையால் மூடிக் காப்பர். இரவு முழுவதும் ஆடுகள் இடும் புழுக்கையும் நீரும் மண்ணிலே நேராகச் சேரும். எருக்குழியிலிருந்து வண்டியில் ஏற்றிக் கொணரும் எருவில் இந்நீரின் பயன் பெரும்பாலும் வீணாகிவிடும். கிடையிலோ அது வீணாவதில்லை. மறுநாள் பட்டியை அடுத்த இடத்துக்கு மாற்றுவர். இவ்வாறு வயல் முழுவதும் ஒரே சீராக உரம் பெறும். 'ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம்' என்பது உழவர் பழமொழி. கிடைக்குரிய கூலியை நெல்லாகவோ பணமாகவோ நிலத்தார் அளிப்பர்.

இத்தொழிலுக்குக் கூரிய அறிவு வேண்டும். விடியற்காலையில் பனி காயுமுன் ஆடுகளை மேயவிடலாகாது. ஈரப் புல்லின் நுனியில் ஏறி நிற்கும் புழுக்கள் ஆட்டின் வயிற்றிற் புகுந்து நோய் செய்யும். நத்தைகள் வாழும் சேற்றுப் பள்ளத்துப் புல்லையும் விலக்க வேண்டும்; அங்கே ஈரலைக் கெடுக்கும் தட்டைப்புழு பரவும். மருந்து தெளித்த வயல் எது, நீருள்ள குளம் எது, இன்னும் எத்தனை நாளைக்கு இங்கே தீனி இருக்கும் என்பனவற்றையெல்லாம் கீதாரி கணக்கிடுகிறார். புல் தீருமுன் இடம் பெயர்வதே அவர் தொழிலின் முதல் விதி.

கொங்கு நாட்டில் காங்கயப் பகுதியில் இதே விதியை வேறு வகையாகப் போற்றுகின்றனர். அங்குள்ள கொறங்காடுகளைக் கிளுவை வேலியால் அடைத்து, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்த்து, ஒரு காட்டில் புல் தழைக்கும் வரை மற்றொரு காட்டில் மாடுகளை மேயவிடுகின்றனர். அவர்கள் வேலியால் மேய்ச்சலை ஆள்கின்றனர். கீதாரியோ கால்நடைப் பயணத்தால் ஆள்கிறார்.

ஆனால் காவிரி நாட்டு வயல்கள் யாவும் கோடையில் தரிசாகக் கிடப்பதில்லை. அறுவடைக்குச் சில நாள் முன்னரே, நிற்கும் நெற்பயிரின் ஊடே உளுந்தும் பயறும் விதைக்கும் வழக்கம் உண்டு. அவ்வயலில் ஆடு புகுந்தால் உழவரின் உழைப்பு ஒரு நாழிகையில் அழிந்துபோம்.

யான் சிறுவனாய் இருந்த காலத்தில் எங்கள் வயலிலேயே அவ்வாறு நேர்ந்தது. காவலிருந்த சிறுவன் கண்ணயர்ந்தான். ஆடுகள் உளுந்தை மேய்ந்துவிட்டன. எங்கள் வீட்டார் எவரும் அதனை அறியார். பொழுது புலருமுன் கீதாரி எங்கள் வாயிலில் வந்து நின்றார்.

"ஐயா, உங்கள் உளுந்தில் கால்பங்கு அழிந்தது. குற்றம் பையனுடையது அன்று. பகலெல்லாம் நடந்து களைத்தவனை இரவுக் காவலுக்கு வைத்த என்னுடையது. ஆவதைச் சொல்லுங்கள்" என்றார்.

என் தந்தையார் சினந்தார். வயலைச் சென்று பார்த்தார். சேதம் அவர் சொன்ன அளவே இருந்தது. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. திரும்பி வந்த தந்தையார், "போனது பயறு, நாணயம் போகவில்லை. மேட்டு வயலில் கிடை கட்டும்" என்றார். கூலியின்றி மூன்று இரவு கிடை கட்டிய பின்னரே கீதாரியின் மனம் ஆறியது. அதன்பின் பல்லாண்டு அவர் எங்கள் ஊருக்கு வந்தார். அவர் ஆட்டுக்கு எங்கள் ஊரில் எவரும் வழி மறித்ததில்லை.

இன்று ஊர்ப் பொதுவாயிருந்த மேய்ச்சல் புறம்போக்குகள் பல இடங்களில் சுருங்கிவிட்டன. குளக்கரைகளும் வண்டிப் பாதைகளும் குறுகின. செயற்கை உரம் வந்த பின் கிடையின் அருமையை மறந்தாரும் உளர். சேற்று வயலில் உழைப்பதற்கென்றே பெயர் பெற்ற உம்பளச்சேரி மாடுகளும், உழுபொறி வந்தபின் எண்ணிக்கையில் குறைந்துவிட்டன. இக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய நாடுகளின் பொது அவை 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்போருக்கும் உரிய அனைத்துலக ஆண்டாக அறிவித்தது இதனை உணர்ந்தே ஆகும்.

ஆற்றில் நீர் வந்து நாற்றங்கால் வேலை தொடங்கும்போது மந்தைகள் கழனியை விட்டு அகலும். கீதாரிக்கு அங்கே ஒரு காணி நிலமும் இராது. எனினும் தாம் மேய்த்த நிலத்தை வந்தபோது இருந்ததினும் வளமுடையதாக விட்டுச் செல்கிறார். மாணவர்களே, நிலத்தை உடையவர் மட்டுமே அதனைக் காப்பவர் என்று எண்ணற்க. பிறர் பொருளைத் தம் பொருள்போற் பேணிப் பயன்கொள்வோர் எவரோ, அவரும் அந்நிலத்தின் காவலரே ஆவர்.