பாய்மரப் படகுக்குப் பொருத்தமான புரொப்பெல்லர்

மும்பைத் துறைமுகத்தில் ஒரு பாய்மரப் படகின் டீசல் எஞ்சினைப் பார்த்துவந்தபோது நான் செய்த தவறு இது. முழு வேகத்தில் நிமிடத்துக்கு 3600 சுற்று ஓடவேண்டிய எஞ்சின் 3200-ஐத் தாண்டவில்லை, கரும்புகை வேறு. இன்ஜெக்டர்களை மாற்றினேன். பணம்தான் கரைந்தது. குற்றம் தண்ணீருக்கடியில் இருந்தது.

புரொப்பெல்லரில் 17 x 13 என்று பொறித்திருந்தது. முன்னது விட்டம், பின்னது பிட்ச். இரண்டும் அங்குலக் கணக்கு. மரத்தில் திருகாணி இறங்குவதுபோல, நழுவாமல் போனால் ஒரு சுற்றில் எவ்வளவு முன்னேறும் என்பதே பிட்ச். அது மிகுந்தால், டாப் கியரில் மலை ஏறும் லாரிபோல எஞ்சின் திணறும், நாளடைவில் கெட்டும்போகும். குறைந்தால் எஞ்சின் வீணே சுற்றும், படகு வேகம் எடுக்காது. அங்குலத்துக்குச் சுமார் 200 சுற்று என்பது பட்டறைக் கணக்கு. பிட்சை 2 அங்குலம் குறைத்ததும் 3600 வந்தது, புகையும் நின்றது.

சோதிக்குமுன் அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டிவிடுங்கள். இல்லையேல் கணக்கு பொய்யாகும். அலையில்லாத நேரமாகவும் பாருங்கள்.

பாய் விரித்து ஓடும்போது மூன்று இறக்கைப் புரொப்பெல்லர் படகைப் பின்னுக்கு இழுக்கும். மடங்கும் வகையில் இந்த இழுவை குறைவு, விலைதான் அதிகம். நெடும்பயணம் போகிறவர் வாங்கலாம். துறைமுகத்தைச் சுற்றிவருபவருக்கு அது வீண்செலவு என்பேன்.