உயர்த்திய ஜீப்பின் முன்சக்கரம் அலைகிறதா?

பூந்தமல்லி, திருமழிசை, பட்டாபிராம், திருநின்றவூர் பக்கங்களில் பழைய ஜீப் ஒன்றை வாங்கி, உர மூட்டையும் கீரைக்கட்டும் ஏற்றப் பயன்படுத்தும் விவசாயிகள் உண்டு. இத்தகைய வண்டிகளில் சில, முன்பு வைத்திருந்தவரால் உயர்த்தப்பட்டவை. வரப்பும் சேற்றுப் பள்ளமும் அடியில் தட்டாமல் இருக்க நீண்ட ஷேக்கிளோ கூடுதல் பட்டையோ போட்டிருப்பார்கள். வயலில் வண்டி நன்றாகவே போகும். விடியற்காலையில் கோயம்பேட்டுக்குச் சரக்கேற்றி நெடுஞ்சாலையில் ஏறியதும் ஸ்டியரிங் கைக்கு அடங்காது. வண்டி இடமும் வலமுமாக அலையும். பக்கத்தில் லாரி வரும்போது இது உயிருக்கே ஆபத்து.

காரணம் பெரும்பாலும் 'காஸ்டர்' எனப்படும் சாய்வு குறைந்ததே. சைக்கிளைப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். முன் போர்க் செங்குத்தாக இல்லாமல் மேல்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால்தான் கைவிட்டு ஓட்டினாலும் சக்கரம் நேராக நிற்க முயல்கிறது. (அம்பத்தூர்க்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, 1949-ல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் அந்த ஊரின் அடையாளம்.) ஜீப்பில் முன்சக்கரம் திரும்பும் கிங் பின்னும் அவ்வாறே பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். பழைய வில்லிஸ் வகை ஜீப்புக்கு இந்தச் சாய்வு 3 டிகிரி. அவ்வகை வண்டியில் முன் பட்டையின் ஷேக்கிள் முன்முனையில் உள்ளது. அங்கே நீண்ட ஷேக்கிள் போட்டால் பட்டையின் முன்முனை தாழ்ந்து, ஆக்சில் முன்னோக்கிப் புரண்டு, காஸ்டர் குறைந்துவிடும்.

வளைவில் திரும்பிய பின் ஸ்டியரிங் தானாக நேர்நிலைக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் காஸ்டர் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். ஆனால் உடனே கடைக்கு ஓடக் கூடாது. டயரில் காற்று சமமாக இருக்கிறதா, கிங் பின் பேரிங், டை ராடு முனை, சக்கர பேரிங் ஆகியவற்றில் ஆட்டம் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். தேய்ந்த பாகத்தை மாற்றாமல் கோணத்தை மட்டும் திருத்துவது வீண் செலவு.

இங்கே ஒரு முக்கியச் செய்தி. தயாரிப்பாளர் பதிவு செய்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உரிமையாளருக்கு உண்டு. ஆகவே சாலையில் ஓடும் வண்டியைப் பழைய உயரத்துக்கே இறக்கிவிடுவது சாலச் சிறந்தது. அப்போது காஸ்டரும் பெரும்பாலும் தானே சரியாகும். சொந்த நிலத்துக்குள் மட்டும் ஓடும் வண்டியை உயரமாகவே வைத்திருக்க விரும்புவோர் கோணத்தைத் திருத்தாமல் விடக் கூடாது.

திருத்தும் பாகம் மிக எளியது: ஆக்சிலுக்கும் பட்டைக்கும் இடையே வைக்கும் இரும்பு ஆப்பு. அலுமினிய ஆப்பு நசுங்கக் கூடும். எஃகு ஆப்பே நல்லது. 100 மி.மீ. நீளமுள்ள ஆப்பில் ஒரு டிகிரிக்கு இரு முனைகளின் கனத்தில் 1.75 மி.மீ. வித்தியாசம் வேண்டும், 3 டிகிரிக்கு 5.25 மி.மீ. இரு பக்கமும் ஒரே அளவு ஆப்பே போட வேண்டும்.

ஆப்பின் தடித்த முனை எந்தப் பக்கம் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பட்டை ஆக்சிலுக்குக் கீழே இருந்தால் தடித்த முனை வண்டியின் முன்பக்கம். பட்டை ஆக்சிலுக்கு மேலே இருந்தால் பின்பக்கம். மாற்றி வைத்தால் இருக்கிற சாய்வும் போய்விடும். நாலு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. காஸ்டரைக் கூட்டும்போது முன் டிபரென்ஷியலின் மூக்கு கீழே சாய்ந்து, புரொப்பெல்லர் ஷாப்ட் ஜாயிண்டில் கோணம் அதிகமாகி அதிர்வு வரும். எனவே 2 முதல் 4 டிகிரிக்கு மேல் ஆப்பால் திருத்த முயலக் கூடாது.

வேலை தொடங்குமுன் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்புறத்தைத் தூக்கி, ஸ்டாண்டைச் சேஸிசுக்கு அடியில் வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. ஆக்சிலுக்கு வேறொரு ஜாக்கி தாங்கல் வேண்டும். இரு பக்க யு போல்ட்டுகளையும் தளர்த்திய பிறகே ஒரு பக்கத்தைக் கழற்ற வேண்டும். மறுபக்கம் இறுகியிருந்தால் ஆக்சில் புரளாது. சென்டர் போல்ட்டைக் கழற்றுமுன் பட்டைகளைச் சி-கிளாம்ப் போட்டுப் பிடித்துக்கொள்வது அவசியம். இல்லையேல் பட்டைகள் தெறித்துக் கையைப் பதம் பார்க்கும். ஆப்பின் கனத்துக்கு ஏற்ப நீண்ட சென்டர் போல்ட் போட்டு, அதன் தலை ஆக்சில் இருக்கையின் துளைக்குள் முழுதும் உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். அது உட்காராவிட்டால் பிரேக் பிடிக்கும்போது ஆக்சிலே நகர்ந்துவிடும். யு போல்ட்டுகள் புதியவையாகவே இருக்கட்டும். குறுக்கு முறையில் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.

பலர் மறப்பது பிரேக் ஹோஸ். உயர்த்திய வண்டியில் ஆக்சில் முழுதும் தொங்கும்போதும், ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை ஒடிக்கும்போதும் ஹோஸ் இழுபடாமல் இருக்க வேண்டும்.

டோ-இன் கடைசியில்தான் பார்க்க வேண்டும். சமதரையில் இரு முன் டயர்களின் முன்பக்கம், சக்கர மைய உயரத்தில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு இடைவெளியை அளக்கலாம். குறிகள் பின்பக்கம் வரும்வரை வண்டியை முன்னோக்கித் தள்ளி மறுபடி அளந்தால், முன் அளவு பின் அளவைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். வில்லிஸ் வகைக்கு இது 1.2 முதல் 2.4 மி.மீ. வரை, டை ராடைத் திருகிச் சரி செய்யலாம். கோணமானி உள்ள அலைன்மெண்ட் கடையில் காஸ்டரையும் ஒருமுறை அளந்து எழுதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. முதல் நூறு கிலோமீட்டர் ஓடிய பின் யு போல்ட் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். புதிய போல்ட் பாரம் ஏறியதும் சற்றே தளரும்.