பேதி கண்டவருக்குப் பணிவிடை

தாதித் தொழில் பயில்வோர் மருந்துகளின் பெயரை அறியுமுன் நோயாளியைப் பார்க்கக் கற்கவேண்டும். பழவேற்காட்டு ஏரியைச் சார்ந்த குப்பங்களில் பேதி கண்ட குழந்தையொன்றை உதாரணமாகக் கொண்டால் இது நன்கு விளங்கும்.

இவ்வேரியின் நீர், கடல் நீரும் ஆற்று நீரும் கலந்த உவர்நீர். காலராக் கிருமி இத்தகைய நீரில் இயற்கையாகவே வாழக்கூடியது. நீரில் மிதக்கும் மிகச் சிறிய பிராணிகளின் மேல் ஒட்டிக்கொண்டு நிலைத்திருக்கும். இறால் தடவிய கையும் வலை அலசிய கையும் கழுவப்படாமல் சோற்றுப் பானைக்குச் சென்றால் நோய்க்கு வேறு வழி வேண்டுவதில்லை. ஆகையால் நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் சோப்பிட்டு, நகக்கண் உள்பட, கழுவுதல் கட்டாயம். குடிநீர்ப் பானையில் கையை விடாமல் காம்புள்ள அகப்பையால் மொள்ளவேண்டும்.

ஒவ்வொரு பேதியும் காலரா அன்று. ஆயினும் எப்பேதியிலும் உடம்பின் நீர் வற்றுவதே பேராபத்து. கண் குழிந்திருக்கிறதா, அழும்போது கண்ணீர் வருகிறதா, சிறுநீர் எப்போது இறங்கிற்று என்று பார்க்கவேண்டும். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே மீளவேண்டும். மடிப்பு 2 விநாடிக்கு மேல் நின்றால் வற்றல் கடுமையென்று அறிக. எழுத்தறியாதார் வீட்டில், ஒவ்வொரு முறை பேதியானதற்கும் சுவரில் ஒரு கரிக்கோடு இடச் சொல்லலாம்.

தண்ணீர் கொடுத்தால் பேதி மிகும் என்ற பழைய எண்ணம் பல குழந்தைகளைக் கொன்றிருக்கிறது. 1971-ல் வங்காளத்து எல்லையிலுள்ள பன்காவ்ன் அகதி முகாமில் காலரா பரவியபோது, சிரைவழி ஏற்றும் திரவம் போதாமையால், டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். ஊட்டியவர்களில் பலர் நோயாளிகளின் உறவினரே. நூற்றுக்கு 20 முதல் 30 வரை இருந்த மரணம் 4-க்கும் கீழே இறங்கிற்று.

சுகாதார நிலையத்தில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலமே உத்தமம். அது இல்லாவிடத்து, 1 லிட்டர் சுத்த நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். குப்பத்துக் கிணறு பல இடங்களில் உவர்க்கும். காய்ச்சினால் கிருமி சாகுமேயன்றி உப்பு நீங்காது. உவர்நீரில் உப்பும் சேர்ந்தால் பானமே தீங்காகும். எனவே நல்ல நீரிலேயே கலந்து, தாதி முதலில் தானே சுவைத்துப் பார்த்தல் வேண்டும். கண்ணீரினும் அதிகம் கரித்தால் கொட்டிவிட வேண்டும். 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்குப் பின்னும் 50 முதல் 100 மில்லிலிட்டர் கரண்டியால் புகட்டுக. வாந்தியெடுத்தால் 10 நிமிஷம் பொறுத்து மெதுவாகத் தொடர்க. தாய்ப்பாலை நிறுத்தலாகாது. கலந்த பானம் ஒரு நாளுக்கு மேல் உதவாது.

இவ்வளவும் செய்ய வீட்டில் யார் இருப்பார்? ஏரியில் மீன்பிடித்தல் பாடு முறைப்படி நடப்பது. தம் முறைநாளை இழப்பது ஏழைக் குடும்பத்துக்குச் சிறு நஷ்டமன்று. அந்நாளில் குழந்தை பாட்டியிடமோ பத்து வயதுத் தமக்கையிடமோ விடப்படும். பெற்றோரைக் கடிவதால் பயனில்லை. தாதி கரண்டியைக் கையில் கொடுத்துப் பயிற்றவேண்டியது அப்பாட்டியையும் அச்சிறுமியையுமே. சொன்னதை அவர்கள் திரும்பச் செய்து காட்டிய பின்னரே அவ்வீட்டை விட்டுப் புறப்படலாம்.

மலத்தில் இரத்தம் காணினும், குழந்தை குடிக்க மாட்டாமல் துவண்டாலும் தாமதியாமல் பொன்னேரி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. நினைவுள்ளவரை வழியிலும் புகட்டலாம். நினைவு தப்பினால் வாயில் எதுவும் விடாமல் ஒருக்களித்துக் கிடத்துக. புறப்படுமுன் சுவரிலுள்ள கரிக்கோடுகளை எண்ணி, அத்தொகையை மருத்துவரிடம் சொல்லவேண்டும்.