ஏலத்தோட்ட மருந்தும் எலக்ட்ரான் இரட்டையும்

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் கோம்பை. இவ்வூரை உள்ளடக்கிய கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து தொழிலாளர் பலர் விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறி, இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். ஏலச்செடியைத் தாக்கும் இலைப்பேனையும் தண்டு துளைப்பானையும் ஒழிக்கத் தெளிக்கப்பட்டுவந்த மருந்துகளுள் ஒன்று குயினால்பாஸ். பூச்சியைக் கொல்லும் இக்கரிமப் பாஸ்பரஸ் சேர்மம், தோல் வழியாகவோ மூச்சு வழியாகவோ உடலில் புகுந்தால் தெளிப்பவரையும் தாக்கும். இரு தாக்குதல்களுக்கும் அடிப்படையான வினை ஒன்றே.

எலக்ட்ரான் இரட்டையை வழங்கிப் புதிய பிணைப்பை உருவாக்குவது கருக்கவர் பொருள். அவ்விரட்டையை ஏற்பது எலக்ட்ரான் கவர் பொருள். இப்பாகுபாட்டிற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்களை 1933இல் அறிமுகப்படுத்தியவர் இங்கோல்டு.

நரம்பு முனையில் சுரக்கும் அசிட்டைல்கோலின் தசையை இயக்குகிறது. பணி முடிந்ததும் அதனைச் சிதைப்பது அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி. இந்நொதியிலுள்ள செரினின் ஆக்சிஜன், தன் எலக்ட்ரான் இரட்டையால் அசிட்டைல்கோலினின் கார்பனைல் கார்பனைத் தாக்குகிறது. அசிட்டைல் தொகுதி நொதியோடு இணைகிறது; அடுத்த கணமே நீர் மூலக்கூறு அதனை விடுவிக்கிறது. ஒரு நொதி மூலக்கூறு ஒரு நொடியில் இவ்வாறு பல்லாயிரம் முறை செயல்படும்.

இனி, குயினால்பாஸைக் கருதுவோம். அதில் பாஸ்பரஸ் அணு கந்தகத்துடன் இரட்டைப் பிணைப்பில் உள்ளது. கல்லீரல் நொதிகள் கந்தகத்தை நீக்கி, அவ்விடத்தில் ஆக்சிஜனைப் பொருத்துகின்றன. ஆக்சிஜன் எலக்ட்ரான்களைக் கந்தகத்தைவிட வலுவாக ஈர்ப்பதால், பாஸ்பரஸின் எலக்ட்ரான் பற்றாக்குறை மிகுகிறது. நஞ்சை அகற்ற வேண்டிய கல்லீரலே அதனைக் கூர்மையாக்குவது விந்தைதான்! அதே செரின் ஆக்சிஜன் இப்போது பாஸ்பரஸைத் தாக்க, குயினாக்சலின் வளையத்தைக் கொண்ட பகுதி வெளியேறும் தொகுதியாகப் பிரிகிறது. எஞ்சும் பாஸ்பரஸ்–ஆக்சிஜன் பிணைப்பை முறிக்கும் அளவிற்கு நீர் வலிமையான கருக்கவர் பொருளன்று. நொதி முடங்க, அசிட்டைல்கோலின் குவிகிறது. கண்மணி சுருங்கும், உமிழ்நீரும் வியர்வையும் பெருகும், முடிவில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும்.

நீரால் இயலாததைச் செய்ய, அதனினும் வலிய கருக்கவர் பொருள் வேண்டும். 1955இல் வில்சனும் கின்ஸ்பர்க்கும் அறிவித்த பிராலிடாக்சைம் அத்தகையது. இதன் ஆக்சைம் ஆக்சிஜன் எதிர்மின்சுமையுடன் பாஸ்பரஸைத் தாக்கிச் செரினை விடுவிக்கிறது. அசிட்டைல்கோலினின் விளைவைத் தடுக்கும் அட்ரோபினும் உடன் தரப்படுகிறது.

ஆயினும் காலம் தாழ்ந்தால் ஆக்சைமும் பயன்படாது. பாஸ்பரஸுடன் இணைந்துள்ள ஆல்கைல் தொகுதிகளுள் ஒன்று சிறிது சிறிதாகப் பிரிந்து, அங்குள்ள ஆக்சிஜனில் எதிர்மின்சுமை தங்குகிறது. பிறகு பாஸ்பரஸ் எந்தக் கருக்கவர் பொருளையும் எளிதில் ஏற்பதில்லை. இம்மாற்றம் இரு மெத்தில் தொகுதிகள் கொண்ட சேர்மங்களில் சில மணி நேரத்தில் நிகழ்கிறது. குயினால்பாஸ் போன்று இரு எத்தில் தொகுதிகள் கொண்டவற்றில் ஒரு நாளுக்கும் மேலாகும். நஞ்சுண்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுவருவோரிடம் மருந்துப் புட்டியின் பெயர்ச்சீட்டை மருத்துவர் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.