சங்கத்தின் குரல் தெளிவாகக் கேட்க: லினக்ஸ் கணினியும் ஒலி இணைப்புப் பெட்டியும்

(அங்கத்தினர் கல்விப் பகுதி)

கூட்டுறவுச் சங்கம் அங்கத்தினர்களின் உடைமை. ஆகவே, அதன் செய்தி ஒவ்வோர் அங்கத்தினரையும் எட்டியாக வேண்டும். ஆயின், அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் தாள் படிக்கத் தெரிந்தவரோடு மட்டுமே பேசும். 2011ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டமாக நம் தருமபுரி மாவட்டம் காணப்பட்டது. ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 68 பேரே எழுத்தறிந்தவர். மாநில அளவோ ஏறக்குறைய 80. பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நம் மாவட்டத்தின் எண் 60 அளவில் நின்றது.

இதன் விளைவு கடன் பேரேட்டில் தெரிகிறது. பயிர்க்கடனைத் தவணைக்குள் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டியை அரசே ஏற்கிறது. தவணை தவறினால் அச்சலுகை போய்விடும். ஆய்வுக்குச் செல்லுமிடங்களில் நாம் காணும் தவணை தவறிய கணக்குகளுள் சில, பணமில்லாமையால் தவறியவை அல்ல. நாள் தெரியாமையால் தவறியவை. ஒரு சங்கத்தில் மூதாட்டி ஒருவர், பணத்தை முடிந்து வைத்திருந்தும் கடைசி நாளைக் கடக்கவிட்டிருந்தார். அறிவிப்பு பலகையில் முறைப்படி ஒட்டப்பட்டிருந்தது. அப்பலகையைக் கடந்துதான் அவர் நாள்தோறும் பால் ஊற்றச் சென்று வந்தார்.

இத்தகையோருக்குக் குரலே தக்க வழி. 1960-களில் தஞ்சை வட்டாரத்தில் ஏ.டி.டி. 27 என்னும் நெல், வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகளால் பரவி, உழவர் வாயில் ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் பெற்றது. 1998க்குப் பின் புதுச்சேரிப் பகுதியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த கிராம அறிவு மையங்களில், வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டது. படிக்கத் தெரியாதவரும் அதைக் கேட்டே கடலுக்குச் செல்வதா, கரையில் இருப்பதா என்று முடிவு செய்தனர்.

இக்காலத்தில் ஒலிபெருக்கியின் இடத்தைக் கைபேசி பிடித்துள்ளது. பல சங்கங்கள் பேசிப் பதிந்த செய்தியை அங்கத்தினர் குழுக்களுக்கு அனுப்பி வருகின்றன. ஆயின், தறிச்சத்தமும் மின்விசிறி இரைச்சலும் சேர்ந்த பதிவில் ‘இருபத்தொன்று’ என்பது ‘இருபத்தொன்பது’ என்று காதில் விழுமாயின், அச்செய்தியால் நன்மையைவிடத் தீமையே மிகும். அமைதியான அறையில் பேசும் ஒரு நிமிட அறிவிப்புக்குக் கைபேசியே போதும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இரைச்சலிடையே பேசுவதற்கும், நீண்ட பாடங்களுக்கும், நெடுங்காலம் பாதுகாக்க வேண்டிய பதிவுகளுக்குமே இங்கு விளக்கப்படும் சாதனம் தேவைப்படும்.

1. பெட்டி செய்யும் வேலை

பேச்சு என்பது காற்றில் எழும் அதிர்வு. ஒலிவாங்கி அதனை மிகச் சிறிய மின்னோட்டமாக்குகிறது. ஒலி இணைப்புப் பெட்டி அம்மின்னோட்டத்தைப் பெருக்கி, வினாடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக்கி, யூஎஸ்பி கம்பி வழியே கணினிக்குத் தருகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட் ஆயின் 65,536 படிகளில் ஒன்றாகவும், 24 பிட் ஆயின் ஏறக்குறைய 1 கோடியே 67 லட்சம் படிகளில் ஒன்றாகவும் குறிக்கப்படும். நெசவாளர் இதனை எளிதில் உணர்வர். இழை நெருக்கம் மிகுந்த துணியில் நுட்பமான பூவும் சிதையாமல் விழும்; இழை பரந்த துணியில் பூவின் ஓரம் பல்பல்லாகத் தெரியும்.

கணக்கும் அறிந்துகொள்வது நலம். 48,000 அளவுகளை 16 பிட்டால் பெருக்கினால் வினாடிக்கு 7,68,000 பிட், அதாவது 96,000 பைட். ஒரு நிமிடத்துக்கு 57,60,000 பைட். ஐந்து நிமிடப் பேச்சு ஏறக்குறைய 2 கோடியே 88 லட்சம் பைட் இடம் கொள்ளும். இதனை மூலப்பதிவாகக் கணினியில் வைத்துக்கொண்டு, சுருக்கிய பிரதியையே கைபேசிகளுக்கு அனுப்ப வேண்டும்.

2. லினக்ஸ் ஏன்?

1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர் தொடங்கிய லினக்ஸ், உலகெங்குமுள்ள பல்லாயிரவர் உழைப்பால் வளர்ந்தது. மூல நிரல் யாவருக்கும் பொது. உரிமக் கட்டணம் இல்லை. பலர் கூடி உழைத்துப் பலரும் பயன்பெறும் இம்முறை கூட்டுறவாளருக்குப் புதிதன்று. சென்னை சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட ‘பாஸ்’ லினக்ஸ் தமிழிலும் இயங்குவது. 2011ஆம் ஆண்டு தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளிலும் அது இடம்பெற்றது. அம்மடிக்கணினிகளுள் பல இன்று வீட்டு அலமாரியில் உறங்குகின்றன. பழையதாயினும் இயங்கும் நிலையிலிருந்தால், எடை குறைந்த லினக்ஸ் பதிப்பொன்றை நிறுவி ஒலிப்பதிவுக்குப் பயன்படுத்தலாம்.

லினக்ஸில் ஒலியைக் கையாளும் அடித்தளத்துக்கு ‘ஆல்சா’ என்று பெயர். செக் நாட்டவரான யாரோஸ்லாவ் கைசெலா 1998இல் தொடங்கிய இப்பணி, 2003 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 2.6 பதிப்பில் கருவோடு சேர்ந்து வந்தது. அதன் மேல் ‘பைப்வயர்’ என்னும் பங்கீட்டாளர் இருந்து, ஒரே பெட்டியைப் பல செயலிகள் சண்டையின்றிப் பயன்படுத்த உதவுகிறது. பழைய பதிப்புகளில் இவ்வேலையைப் ‘பல்ஸ்ஆடியோ’ செய்யும்.

3. எதை வாங்குவது?

நம் சங்கங்கள் மாதிரித் துணைவிதிகளைப் பின்பற்றுவதால், எந்தச் சங்கத்துக்குச் சென்றாலும் அதன் நடைமுறை நமக்குப் புரிகிறது. அதுபோல, யூஎஸ்பி ஒலிச் சாதனங்களுக்கும் 1998 முதல் பொது விதியொன்று உண்டு. அதற்கிணங்கச் செய்யப்பட்டவற்றைக் ‘கிளாஸ் கம்ப்ளையன்ட்’ என்பர். இத்தகைய பெட்டிக்குத் தனி இயக்கு நிரல் வேண்டுவதில்லை. சொருகினால் லினக்ஸ் தானே அறிந்துகொள்ளும். கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. தனி நிரல் இருந்தால்தான் இயங்கும் என்று உறையில் கண்டால், அதனை வாங்காதிருப்பதே மேல்.

சங்கத்துக்கு ஒன்று அல்லது இரண்டு ஒலிவாங்கிகளை இணைக்கும் சிறு பெட்டி போதும். தறிக்கூடத்தருகே பதிவு செய்வோர் ‘டைனமிக்’ வகை ஒலிவாங்கியைத் தெரிந்தெடுக்க வேண்டும். அது அருகிலுள்ள குரலை வாங்கித் தொலைவிலுள்ள இரைச்சலைப் பெரிதும் விட்டுவிடும். ‘கண்டென்சர்’ வகை நுட்பமானது. அதற்குப் பெட்டியிலிருந்து 48 வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். அப்பொத்தானை அழுத்த மறந்துவிட்டு ஒலிவாங்கி பழுது என்று முடிவு செய்வோர் உண்டு.

4. இயக்கும் முறை

முதற்படி: பெட்டியைக் கணினியிலேயே நேராகச் சொருகவும். பல கம்பிகளைப் பிரிக்கும் இடைக்கருவி வேண்டாம். மின்சாரம் போதாமற் போகலாம்.

இரண்டாம் படி: ‘டெர்மினல்’ என்னும் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, எல், எஸ், யூ, எஸ், பி என்னும் ஐந்து சிறிய ஆங்கில எழுத்துகளை இடைவெளியின்றித் தட்டி, எண்டர் விசையை அழுத்தவும். இணைந்துள்ள சாதனங்களின் பட்டியல் தோன்றும். அதில் பெட்டியின் பெயர் இல்லையெனில் குறை மென்பொருளில் இல்லை. கம்பியிலோ துளையிலோ இருக்கிறது. சில கம்பிகள் மின்னேற்றத்துக்கு மட்டுமே பயன்படும். அவற்றில் செய்தி செல்லாது. கம்பியை மாற்றிப் பார்க்கவும்.

மூன்றாம் படி: ‘ஏ’ என்னும் எழுத்தோடு ‘ரெக்கார்டு’ என்னும் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்தெழுதி, ஓர் இடம் விட்டு, ஒரு சிறு கோடும் சிறிய ‘எல்’ எழுத்தும் தட்டவும். பதிவு செய்யவல்ல ஒலி அட்டைகள் வரிசையாக வரும். கணினியின் உள் அட்டை பெரும்பாலும் 0 என்றும், நம் பெட்டி 1 என்றும் காட்டும். கணினியை அணைத்து ஏற்றினால் இவ்வெண் மாறலாம். ஆதலின் எண்ணை நம்பாது பெயரையே நோக்க வேண்டும்.

முதற் பட்டியலில் இருந்து இரண்டாவதில் இல்லாவிடில், பெட்டி பொதுவிதிக்கு இணங்காததாகவோ, தன்னை வேறு சாதனமாகக் காட்டிக்கொள்வதாகவோ இருக்கலாம். எடுத்துக்காட்டாக, ஃபோக்கஸ்ரைட் நிறுவனத்தின் மூன்றாம் தலைமுறை ஸ்கார்லெட் பெட்டிகள், புதிதாகத் திறக்கும்போது தம்மைச் சேமிப்புத் தட்டாகவும் காட்டும். 48 வோல்ட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே பெட்டிக்கு மின்னிணைப்புத் தந்தால் அந்நிலை நீங்கும்.

நான்காம் படி: அமைப்புகளில் ‘ஒலி’ப் பகுதியைத் திறந்து, உள்ளீட்டில் பெட்டியின் பெயரைத் தெரிவு செய்யவும். வெளியீட்டையும் பார்க்கவும். கணினித் திரைக்குச் செல்லும் ஹெச்டிஎம்ஐ கம்பிக்கு ஒலி போய்க்கொண்டிருந்தால் நம் காதில் ஒன்றும் விழாது.

ஐந்தாம் படி: ‘ஆடாசிட்டி’ போன்ற இலவசப் பதிவுச் செயலியைத் திறந்து, அதிலும் இப்பெட்டியையே தெரிவு செய்து, ஒற்றைத் தடமாகப் பதியவும். ஒலிவாங்கி ஒன்றேயிருக்க இரட்டைத் தடத்தில் பதிந்தால், குரல் இடது காதில் மட்டும் கேட்கும்.

ஆறாம் படி: பேசுபவரின் வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். அவர் இயல்பாகப் பேசும்போது, குரலின் உச்சம் மானியில் ‘-12’ முதல் ‘-6’ டெசிபல் வரை நிற்குமாறு பெட்டியின் குமிழைத் திருப்பவும். ‘0’ஐத் தொட்டால் ஒலி கிழியும். கிழிந்த பதிவைப் பின்னர் தைத்துச் சரிசெய்ய இயலாது.

5. நேரக்கூடிய குறைகளும் பரிகாரமும்

வெடிப்பொலி: கணினி, ஒலியைச் சிறு சிறு தொகுதிகளாக வாங்கி வைக்கும் இருப்புத் தொட்டி ‘பஃபர்’ எனப்படும். வாய்க்கால் நீர் விட்டு விட்டு வந்தாலும், தொட்டியில் இருப்பு இருந்தால் பாத்திக்கு ஒழுக்கு அறாது. தொட்டி மிகச் சிறிதாயின் அறும். இங்கும் அதுவே. 64 அளவுகள் கொண்ட தொட்டி ஆயிரத்தில் 1.3 வினாடிக்கே தாங்கும். 1,024 அளவுகள் கொண்டது ஆயிரத்தில் 21 வினாடி தாங்கும். பாட்டுக்கச்சேரிக்குச் சிறு தொட்டி வேண்டும். சங்க அறிவிப்புக்குப் பெரிய தொட்டியால் ஒரு கேடும் இல்லை. பழைய மடிக்கணினியில் தயங்காமல் பெரிதாக வைக்கவும்.

ரீங்காரம்: நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி உடையது, அது பதிவில் தாழ்ந்த முரலலாகக் கேட்கும். மடிக்கணினியை மின்னேற்றியிலிருந்து பிரித்து, பேட்டரியில் இயக்கிப் பார்க்கவும். நீங்கினால் நில இணைப்பில் குறை. மின்பணியாளரைக் கொண்டு சரிசெய்க. ரீங்காரத்துக்கு அஞ்சிச் செருகியின் நில ஊசியை வெட்டுவது உயிருக்கு ஆபத்து.

‘சாதனம் வேலையில் உள்ளது’ என்னும் செய்தி: வேறொரு செயலி பெட்டியைப் பிடித்து வைத்திருக்கிறது. அதனை மூடிவிட்டு மீண்டும் முயலவும்.

6. பதிவும் பொறுப்பும்

பெட்டி வாங்கும் முன் நிர்வாகக் குழுவில் தீர்மானம் வேண்டும். வாங்கிய பின் இருப்புப் பதிவேட்டில் பதிவு வேண்டும். குரல் அறிவிப்பு, துணைவிதி கோரும் எழுத்து அறிவிப்புக்குத் துணையேயன்றி மாற்றாகாது. நாளையும் தொகையையும் இருமுறை சொல்க. ‘இருபத்தொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை’ என்று கிழமையையும் சேர்த்துச் சொன்னால் மயக்கம் நேராது. அனுப்புமுன், படிக்கத் தெரியாத அங்கத்தினர் ஒருவரைக் கேட்கச்செய்து, அவர் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லக் கேளுங்கள். இதைவிடச் சிறந்த தணிக்கை இல்லை.

பயிர்ச் செய்தியிலும் ஒரு சொல்லின் தெளிவு பெரிது. 2020இல் இந்தியாவில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சியை அடக்க, ‘அனகைரஸ் லோபேசி’ என்னும் சிறு ஒட்டுண்ணிக் குளவி 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடப்பட்டது. குளவி விட்ட வயலில் ‘மருந்து அடிக்காதீர்’ என்று சொல்லும்போது கடைசி அசை மங்கினால், உழவர் நண்பனையே கொன்றுவிடுவார்.

நெசவாளர்க்கு ஒரு வார்த்தை. நம் மாவட்டத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்களின் பூத்தையல் மறையும் தறுவாயில் இருந்தது. அதனை அறிந்த மூத்த பெண்கள் சிலரிடம் இளையோர் கற்று, ‘போர்கை’ என்னும் பெயரில் மீட்டனர். மூத்தோர் இருந்தமையால் அது கூடிற்று. பாவு ஓடுவதிலும் சாயம் காய்ச்சுவதிலும் கைதேர்ந்த முதியோர் நம் சங்கங்களில் இன்னும் சிலரே உளர். அவர்தம் இசைவு பெற்று அவர்கள் சொல்வதைப் பதிந்து, பெயரும் நாளும் குறித்து, இரண்டு இடங்களில் பிரதி வைப்போமாக. அவர்களுக்குப் பின் பெட்டி வாங்கிப் பயனில்லை.

படிப்பு வட்டத்தில் ஆலோசிக்க வினாக்கள்

1. நம் சங்கத்தில் சென்ற ஆண்டு தவணை தவறியவர்களுள், நாள் தெரியாமையால் தவறியவர் எத்தனை பேர்?

2. நம் அங்கத்தினர் இல்லங்களில் பயன்படாதிருக்கும் மடிக்கணினி எத்தனை? தர இசைவோர் யாவர்?

3. முதற் பட்டியலில் பெட்டி தோன்றி, இரண்டாவதில் தோன்றாவிடில் எங்கே குறை தேட வேண்டும்?

4. இவ்வாண்டுக்குள் நாம் குரல் பதிய வேண்டிய முதியோர் மூவர் யாவர்? அவர்களிடம் சென்று கேட்கும் பொறுப்பு யாருடையது?