சேமலாப நிதியில் விடுபட்ட மாதங்கள்: இயலாமை ஏற்பட்டவர் எடுக்க வேண்டிய முடிவு

இடப்பெயர்வின்போது பலருக்கு வேலை நின்றுபோனது. சிலருக்குக் காயத்தினால் நிரந்தர இயலாமையும் ஏற்பட்டது. ஊர் திரும்பிய பின் இவர்களிடம் எழும் கேள்வி இது: "சேமலாப நிதியில் விடுபட்ட வருடங்களுக்கு இப்போது நாங்கள் பணம் கட்ட வேண்டுமா? கட்டாவிட்டால் பழைய பணமும் போய்விடுமா?" இதற்காகக் கடன் வாங்கவோ நகையை அடகு வைக்கவோ நினைப்பவர்கள், அதற்கு முன் இந்தப் பாடத்தைக் குடும்பமாக இருந்து வாசியுங்கள்.

நிதியம் எப்படி இயங்குகிறது?

ஊழியர் சேமலாப நிதியம் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்டது. மாதச் சம்பளத்தில் ஊழியரின் பங்கு குறைந்தது 8 வீதம்; தொழில்தருநரின் பங்கு குறைந்தது 12 வீதம். இரண்டையும் சேர்த்து நிதியத்துக்கு அனுப்ப வேண்டியவர் தொழில்தருநரே. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு அவர் மேலும் 3 வீதம் கட்ட வேண்டும். அதை உங்கள் சம்பளத்தில் கழிக்க முடியாது. தற்காலிக ஊழியருக்கும் நாட்சம்பளக்காரருக்கும் இந்த உரிமை உண்டு.

சேமலாப நிதியம் மாதாந்த ஓய்வூதியம் அல்ல, அது உங்கள் பெயரில் உள்ள சேமிப்பு. வெளிநாட்டிலுள்ள உறவினர்கள், "இத்தனை வருடம் கட்டினால்தான் பென்சன், விடுபட்ட வருடங்களை நிரப்ப வேண்டும்" என்று சொல்லியிருக்கலாம். பிரித்தானியா போன்ற நாடுகளின் அரச ஓய்வூதியத்துக்கு அது பொருந்தும். இங்கே சேமலாப நிதியத்துக்குப் பொருந்தாது. இடையில் வருடங்கள் விடுபட்டாலும் முன்னர் சேர்ந்த பணம் அழியாது. அதற்கு வருடந்தோறும் வட்டியும் சேரும்.

உங்கள் மாதங்களை மூன்றாகப் பிரியுங்கள்

ஒரு தாளில் நீங்கள் வேலை செய்த இடங்களையும் காலங்களையும் எழுதுங்கள். கூட்டுறவுச் சங்கம், கடை, அரிசி ஆலை, தொண்டு நிறுவனம், பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை என எதுவானாலும் எழுதுங்கள். பின்னர் இவ்வாறு பிரியுங்கள்:

1. வேலை செய்து, பணமும் கட்டப்பட்ட மாதங்கள். இவை கணக்கில் இருக்கின்றன. தொகையைச் சரிபார்த்தால் போதும்.

2. வேலை செய்தும் பணம் கட்டப்படாத மாதங்கள். இது தொழில்தருநர் உங்களுக்குத் தர வேண்டிய கடன். இதை நீங்கள் கட்டக் கூடாது. மாவட்டத் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். பிந்திய காலத்துக்கேற்ப 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணத்தைச் சட்டம் தொழில்தருநர் மீது விதிக்கிறது. அவர் கட்ட மறுத்தால் தொழில் திணைக்களம் நீதிமன்றம் மூலம் அறவிடலாம்.

3. வேலையே இல்லாதிருந்த மாதங்கள். முகாமில் இருந்த காலம், வைத்தியசாலையில் இருந்த காலம் இதில் அடங்கும். சம்பளம் இல்லாததால் பங்களிப்பும் இல்லை. இதை நிரப்ப வேண்டியதில்லை. "காசு தந்தால் நிரப்பித் தருகிறேன்" என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள்.

ஓர் உதாரணம்

ஒருவரின் மாதச் சம்பளம் 10,000 ரூபா. அவர் வேலை செய்த 14 மாதங்களுக்குப் பணம் கட்டப்படவில்லை. மாதம் ஒன்றுக்கு அவரது பங்கு 800, தொழில்தருநரின் பங்கு 1,200, மொத்தம் 2,000 ரூபா. 14 மாதங்களுக்கு 28,000 ரூபா. நம்பிக்கை நிதியத்துக்கு மாதம் 300 வீதம் 4,200 ரூபா. அவருக்குச் சேர வேண்டியது 32,200 ரூபா. அதன்பின் அவர் இரண்டு வருடம் முகாமில் இருந்தார். அந்த 24 மாதங்களுக்கு அவர் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. அவர் போக வேண்டிய இடம் அடகுக்கடை அல்ல, தொழில் அலுவலகம்.

இப்போது எடுப்பதா, விட்டு வைப்பதா?

சாதாரணமாக ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் இப்பணத்தைப் பெறலாம். நிரந்தரமான, முழுமையான இயலாமையினால் வேலையை விட்டவர், வைத்தியச் சான்றிதழுடன் அந்த வயதுக்கு முன்னரே முழுத் தொகையையும் கோரலாம். உரிமை இருக்கிறது என்பதற்காக உடனே எடுக்க வேண்டும் என்றில்லை. இவற்றை யோசியுங்கள்:

• மீண்டும் சம்பள வேலைக்குப் போக முடியுமா? ஒரு காலை இழந்தவர் எழுத்து வேலையோ தையல் வேலையோ செய்யக்கூடும். அப்படியானால் பழைய கணக்கை விட்டு வைக்கலாம். புதிய தொழில்தருநர் தொடர்ந்து கட்டுவார்.
• பணம் எதற்குத் தேவை? சிகிச்சை, கூரை, வட்டிக் கடன் என்பன காத்திருக்க முடியாதவை. கடனுக்குக் கொடுக்கும் வட்டி நிதியத்தில் கிடைக்கும் வட்டியைவிடக் கூடுதலாயின், எடுத்துக் கடனை அடைப்பது நல்லது.
• முதுமைக்கு வேறு ஏதாவது உண்டா? இந்தச் சேமிப்பு மட்டும்தான் என்றால், அவசரமில்லாத செலவுக்காக அதை எடுக்காதீர்கள்.
• பணம் யார் கணக்குக்கு வரும்? உறுப்பினரின் சொந்த வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். முடிவும் அவருடையதே. கண் தெரியாதவர், கையெழுத்து வைக்க முடியாதவர் என்றாலும் அவரிடம் கேட்காமல் குடும்பத்தார் முடிவெடுக்கக் கூடாது.

பணம் கோரும் கே படிவத்தைக் கொடுக்கும்போதே, கட்டப்படாத மாதங்கள் பற்றிய முறைப்பாட்டையும் கொடுங்கள். நம்பிக்கை நிதியத்தின் இயலாமை உதவி பற்றியும் பிந்தாமல் விசாரியுங்கள்.

நீங்களே கட்டும் ஓய்வூதியங்கள்

விவசாயிகள், கடற்றொழிலாளர், சுயதொழில் செய்வோர் ஆகியோருக்கான ஓய்வூதியத் திட்டங்கள் வேறானவை. இவற்றில் தவணைப் பணத்தை உறுப்பினரே கட்டுகிறார். தவணை விடுபட்டிருந்தால், நிலுவையைக் கட்டுமுன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள்: என் உறுப்புரிமை இன்னும் செல்லுபடியாகுமா? என் இயலாமைக்கு இத்திட்டத்தில் நன்மை உண்டா? இன்னும் எவ்வளவு கட்டினால் மாதம் எவ்வளவு கிடைக்கும்? இயலாமை நன்மை உண்டென்றால் முதலில் அதைக் கோருங்கள். மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் வைத்திருக்கும் பணத்தில் நிலுவை கட்டாதீர்கள். விவசாயிகள் கமநல சேவை நிலையத்திலும், கடற்றொழிலாளர் கடற்றொழில் பரிசோதகரிடமும், சுயதொழில் செய்வோர் பிரதேச செயலகத்திலும் விசாரிக்கலாம்.

ஆவணங்கள் தொலைந்திருந்தால்

அடையாள அட்டை இல்லாதவர் முதலில் கிராம அலுவலர் மூலம் அதற்கு விண்ணப்பியுங்கள். அட்டை இலக்கத்தைக் கொண்டு தொழில் அலுவலகத்தில் உறுப்பினர் இலக்கத்தைத் தேடலாம். வேலை செய்ததைக் காட்ட நியமனக் கடிதம், சம்பளச் சிட்டை, வங்கிப் புத்தகம், கூட வேலை செய்தவரின் கடிதம் என்பன உதவும். ஒன்றுமில்லாவிட்டால் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடியுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் வேறுபட்டால் அதையும் கடதாசியில் குறிப்பிடுங்கள். கொடுக்கும் எல்லாவற்றிலும் ஒரு பிரதி வைத்திருங்கள்.

குடும்பமாகக் கலந்துரையாட

1. எங்கள் வீட்டில் யார் யார் சம்பளத்துக்கு வேலை செய்தோம்? எங்கே, எப்போது?
2. விடுபட்ட மாதங்களில் எவை தொழில்தருநர் தர வேண்டியவை? எவை வேலையில்லாத மாதங்கள்?
3. இயலாமை ஏற்பட்டவரின் விருப்பம் என்ன? அவரிடம் கேட்டோமா?
4. உறுப்பினர் இறந்தால் பணம் யாருக்கு என்று பெயர் குறித்திருக்கிறோமா? இடப்பெயர்வில் அவரும் இறந்திருந்தால் மாற்றிவிட்டோமா?