விமான நிலையம் செல்வோமா? – ஆங்கிலத்தில் உரையாட ஒரு பயிற்சி

நம் மாவட்டத்துச் சிற்றூர்கள் பலவற்றிலிருந்தும் மக்கள் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்குச் சென்று பொருளீட்டி வருவதை நாம் அறிவோம். பலரும் விமானம் ஏறுவது திருச்சியில்தான். 2012-ல் பன்னாட்டு விமான நிலையமாக அறிவிக்கப்பெற்ற அது, 2024-ல் புதிய முனையமும் கண்டது. புதுக்கோட்டைச் சாலையிலேயே, நம் நகரிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் உள்ளது. நாளை நேர்முகத் தேர்வுக்கோ வேலைக்கோ அங்கு செல்லப்போகும் நாம், தமிழ் வழியில் பயின்றோம் என்பதற்காக வாயடைத்து நிற்கவேண்டியதில்லை. ஆங்கில மாணவன் என்ற முறையில் நான் தொகுத்த சில குறிப்புகள் இவை.

1. ஏறுதலும் இறங்குதலும்

தமிழில் 'பஸ்ஸில் ஏறு', 'காரில் ஏறு' என ஒரே உருபு போதும். ஆங்கிலத்தில் உள்ளே நின்று நடக்கக்கூடிய பஸ், இரயில், விமானம் ஆகியவற்றுக்கு 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. குனிந்து நுழைந்து அமரும் கார், ஆட்டோவுக்கு 'கெட் இன்', 'கெட் அவுட்'. பயண வகையைப் பொதுவாகச் சொல்ல 'பை பஸ்', 'பை டிரெயின்'. நடந்து செல்வது மட்டும் 'ஆன் ஃபுட்'.

2. எதில் செல்வது?

பஸ்ஸில் ஏறுமுன், 'டஸ் திஸ் பஸ் ஸ்டாப் அட் தி ஏர்போர்ட்?' என்று கேட்கவேண்டும். 'கோ' என்பதைவிட 'ஸ்டாப்' என்பதே இங்குத் தேவை. பஸ் அவ்வழியே போகும், ஆனால் நிற்குமா என்பதன்றோ கேள்வி? இரயிலில் சென்றால் திருச்சி சந்திப்பில் இறங்கித் திரும்பி வரவேண்டும். அதற்கு 'வி ஹாவ் டு கம் பேக்' என்க. ஒப்பிட்டுப் பேச: 'தி பஸ் இஸ் சீப்பர், பட் எ டாக்ஸி இஸ் குவிக்கர்.'

3. நேரம்

வெளிநாட்டுப் பயணிகளை மூன்று மணி நேரம் முன்னதாக வருமாறு விமான நிறுவனங்கள் கேட்டுக்கொள்வது வழக்கம். 'அட் ஃபோர்' என்றால் சரியாக நான்கு மணிக்கு. 'பை ஃபோர்' என்றால் நான்கு மணிக்குள். இவ்வேறுபாட்டை அறியாதவர் விமானத்தையே தவறவிடக்கூடும். 'ரீச்' என்னும் வினைக்குப் பின் 'டு' வராது: 'வி மஸ்ட் ரீச் தி ஏர்போர்ட் பை ஃபோர்.'

4. மூட்டையும் கட்டணமும்

'லக்கேஜ்' பன்மை ஏலாச் சொல். 'லக்கேஜஸ்' என்பது பிழை. 'டூ பீசஸ் ஆஃப் லக்கேஜ்' என்பதே சரி. பயணக் கட்டணம் 'ஃபேர்'. சாலைச் சுங்கம் 'டோல்'. பயணம் செய்தலைக் குறித்த பழைய ஆங்கில வினையிலிருந்து பிறந்தது 'ஃபேர்'. விடைபெறும்போது சொல்லும் 'ஃபேர்வெல்' என்பதும் அதே வேரிலிருந்து கிளைத்தது என்பது சுவையான செய்தி.

5. வழியனுப்புதல்

'ஐ கேம் டு செண்ட் ஆஃப் மை அங்க்கிள்' என்று நம்மவர் கூறுவர். 'செண்ட் ஆஃப்' வழியனுப்பு விழாவைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாக வரலாம். வினையாக 'சீ ஆஃப்' என்பதே பொருந்தும். வருபவரை அழைத்துவருவது 'பிக் அப்'. கொண்டுபோய் விடுவது 'டிராப்'.

நண்பர்களே! இலக்கணத்தை ஏட்டில் மட்டும் வைத்திருந்தால் நாவில் வராது. கல்லூரிக்கு வரும் பஸ்ஸிலேயே இருவர் இருவராக இவ்வாக்கியங்களைப் பேசிப் பழகுங்கள். அருகிலிருப்போர் சிரித்தால் சிரிக்கட்டும். பயணத்தன்று தயக்கமின்றிப் பேசப்போவது நாம்தானே!